வாதாபிக்குப் புறப்படும் பேத்தி

போன ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வர ராவ் பூங்காவில் வழக்கமான நாலு சுற்றை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். வீட்டில் கிணறு இருந்த காலத்தில்கூட அவ்வளவு நீளக் கயிறு எங்களிடம் இருந்ததில்லை. 60 மீட்டராம்.

"என்னம்மா இது?" என்றேன். அடையாறிலிருந்து வந்திருந்த பேத்தி, காபி டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "பாதாமி போறோம் தாத்தா. ஆறு பேர். பாறை ஏறப் போறோம். ஏரிக்கரையிலேயே டென்ட் போட்டு ரெண்டு ராத்திரி."

பாதாமி என்றால் நம்மில் பலருக்குச் சட்டென்று விளங்காது. வாதாபி என்றால் விளங்கும். 642-இல் நரசிம்மவர்ம பல்லவனின் படை போய் வென்ற அதே சாளுக்கியத் தலைநகரம். படைத்தலைவர் பரஞ்சோதி பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார் ஆனதும், அங்கிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்ததாகச் சொல்லும் மரபும், 'சிவகாமியின் சபதம்' படித்த நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூரில் 'வாதாபி கணபதிம்' கேட்காத டிசம்பர் உண்டா? ஆனால் அந்த ஊரில் அகஸ்திய தீர்த்தம் என்ற ஏரியைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் சிவந்த மணற்கல் பாறைகள், இந்தியாவில் பாறை ஏறுகிறவர்களுக்கு முக்கியமான இடம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கே மிகக் கடினமான ஏறுபாதை ஒன்றுக்கு 'கணேசா' என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். பிள்ளையார் எங்கேயும் விடுவதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வாயில் முதலில் வந்த வார்த்தை "வேண்டாம்". அதைப் பாதியிலேயே விழுங்கினேன். அதற்குக் காரணம் உண்டு.

1990-இல் என் மகள், இந்தப் பேத்தியின் அம்மா, கல்லூரியில் இரண்டாம் வருஷம். எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பாலைப் பற்றிப் படித்துவிட்டு, உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாள். "பெண் குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று மடித்துக் கொடுத்துவிட்டேன். அவளும் மறு பேச்சுப் பேசவில்லை. நல்ல பெண் என்று பெருமைப்பட்டேன். இருபது வருஷம் கழித்து ஒரு தீபாவளியன்று சிரித்துக்கொண்டே சொன்னாள்: அதே வருஷம், சிநேகிதி வீட்டில் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, தடா அருவிக்குப் போய் வந்திருக்கிறாள். கயிறு இல்லை, வழிகாட்டி இல்லை, எங்கே போனார்கள் என்று ஒரு வீட்டுக்கும் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அருவியின் குளங்களில் மூழ்கிப் போன பிள்ளைகளைப் பற்றி எத்தனை முறை பத்திரிகையில் படித்திருக்கிறேன்!

நான் "வேண்டாம்" என்று சொன்னதால் அவள் போகாமல் இருக்கவில்லை. சொல்லாமல் போனாள், அவ்வளவுதான்.

பயம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணியை மறக்க முடியுமா? சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. 2024-இல் அரசே வழிகாட்டிகளோடு 40 பாதைகளை அறிவித்தது. குரங்கணியில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் 'போகாதே' என்பதல்ல. எந்தப் பருவம், யார் அனுமதி, யார் துணை என்று கேட்காமல் போகாதே என்பதுதான்.

ஆகவே அன்று காலை வேண்டாம் என்பதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் வங்கியில் கடன் விண்ணப்பங்களைக் குடைந்தவன் ஆயிற்றே.

தவறி விழுந்தால்? இடுப்புப் பட்டையில் கட்டிய கயிறு பிடிக்கும். கீழே ஒருவர் அதைக் கருவியில் போட்டுப் பிடித்திருப்பார். கிளம்பும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்க்க வேண்டும். கயிறு நீளம் போதாவிட்டால்? கடைசி முனையில் ஒரு முடிச்சு, இறங்கும்போது கயிறு கருவியிலிருந்து நழுவாமல் இருக்க. தலைக்கவசம்? கீழே நிற்பவருக்கும் உண்டு, கல் விழலாம். பாறையில் அடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்திருந்தால்? உள்ளூர் வழிகாட்டியைக் கேட்டுத்தான் ஏறுவோம். மழை பெய்தால்? மணற்கல் நனைந்தால் வலு குறையும், காயும்வரை தொட மாட்டோம்; அதனால்தான் டிசம்பர். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட் இல்லாமல் லஸ் முனை வரை போகும் நாம், இவர்களைப் பார்த்துத் துணிச்சல் ஜாஸ்தி என்கிறோம்.

பதில் இல்லாத கேள்விகள் மூன்று. அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம்? மலைத்தேனீ கொட்டினால் யாருக்காவது ஒவ்வாமை உண்டா? மூன்றாவது, ஏரிக்கரையில் டென்ட் போட யார் அனுமதி கொடுத்தார்கள்? அந்தக் கரையில்தான் பூதநாதர் கோயில் இருக்கிறது, எதிர்க் குன்றில் ஆறாம் நூற்றாண்டுக் குடைவரைகள் இருக்கின்றன. அந்த ஏரிப் படிகளில் ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். நம் கபாலி கோயில் தெப்பக்குளக் கரையில் யாரோ வந்து கூடாரம் போட்டு அடுப்பு மூட்டினால் நாம் சும்மா இருப்போமா?

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "தாத்தா, டென்ட் கேன்சல். ஊருக்குள்ள லாட்ஜ் போட்டாச்சு. ஒருத்தனுக்குத் தேனீ அலர்ஜி இருக்காம், இப்பதான் சொல்றான். டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கோம்."

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகள் திட்டத்தைக் கொண்டுவந்து நம் முன்னால் வைப்பதே பெரிய விஷயம். தடை போட்டால் அடுத்த முறை திட்டம் நம் கண்ணில் படாது. கேள்வி கேட்டால் இன்னும் கொஞ்சம் நல்ல திட்டமாகத் திரும்பி வரும்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஆறு பேரின் பெயர், ரத்த வகை, வழிகாட்டியின் எண், தினமும் மாலை ஆறரைக்குப் போன் செய்வதாக வாக்குறுதி. அதற்குக் கீழே என் மகள் பேனாவால் எழுதியிருக்கிறாள்: "அடுத்த முறை நானும் வருகிறேன்."

ஐம்பத்து நாலு வயது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.