லேபலில் 'இயற்கை' என்று போட்டால் உண்ணிக்கு வாசிக்கத் தெரியுமா?

அலவத்துகொட, அக்குறணை உறவுகளே,

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் நாய், பூனை, ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள். ஒன்றுமே இல்லாதவர்களும் வாசியுங்கள். உண்ணி ஆள் பார்த்து ஏறுவதில்லை.

சில மாதங்களாக எமது வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. இரசாயனம் அற்றது, நூறு வீதம் இயற்கை, ஒருமுறை தெளித்தால் உண்ணியும் தெள்ளும் ஓடிவிடும் என்று. நாங்களும் நம்பி வாங்கினோம். வாங்கி ஏமாந்ததால்தான் எழுதுகிறோம். விற்றவரின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி போத்தல் பத்துப் பெயரில் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் கராம்பு, நாலைந்து வாழை. பகலில் குரங்கு, இரவில் காட்டுப்பன்றி. இந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் காவலுக்கு ஒரு நாய். தோட்டத்துக்கும் கால்நடைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கொட்டில் கட்டிக் கொடுத்தோம்.

மழை விட்டு வெயில் வந்ததும் அதன் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி நிறைந்துவிட்டது. போத்தலை வாங்கினோம். பெங்கிரி எண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரம் என்று லேபலில் இருந்தது. எது எவ்வளவு வீதம் என்று இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் போத்தலில் எங்களைக் கவர்ந்தது 'இயற்கை' என்ற சொல் மட்டுமல்ல. நாயைத் தொடாமல் எட்ட நின்று தெளித்துவிட்டுப் போகலாம் என்பதும்தான். நஜீஸ் பற்றிய பேணுதல் எமது வீடுகளில் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பேணுதலை நாங்கள் கவனிக்காமல் விடுவதற்கான சாட்டாக்கிக்கொண்டோம். காவலுக்கு நாய் வேண்டும், ஆனால் அதன் காதை விரித்துப் பார்க்க ஆளில்லை.

மூன்று கிழமை தெளித்தோம். கொட்டில் நன்றாக மணத்தது. நான்காவது கிழமை நாய் சாப்பாட்டைத் தொடவில்லை. முரசு வெளுத்து, சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. மிருக வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். உண்ணி கடிக்கும்போது பபேசியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இரத்தத்துக்குள் போய்ச் செங்குழியங்களை உடைக்கிறது. ஊசி, மருந்து, திரும்பத் திரும்ப பரிசோதனை. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டது. "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அப்படியென்றால் அந்தப் போத்தலால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. அதுதான் விஷயம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு சொல்லாதே என்பது. அதை வீட்டில் செய்து பார்த்தோம். இரண்டு ஜாம் போத்தல். இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளைத் துணி நாடா. ஒன்றின் மேல்பாதியில் அந்த எண்ணெய், மற்றதில் வெறும் தண்ணீர். இடுக்கியால் பிடித்த உண்ணிகளைக் கீழே விட்டு வாயை மூடினோம். உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம். தண்ணீர் நாடாவில் உடனே உச்சிக்கு ஏறின. எண்ணெய் நாடாவில் பாதியில் நின்று திரும்பின. எங்கள் சின்னவர் கைதட்டினார். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் எண்ணெய் நாடாவிலும் உச்சியில் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் சாகவில்லை.

இதை ஆய்வு என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாங்கள் கண்டதும் அறிவியல் சொல்வதும் ஒன்றுதான். பெங்கிரி போன்ற வாசனை எண்ணெய்கள் பூச்சியை விரட்டுகின்றன என்பது பொய்யல்ல. ஆனால் அவை விரட்டுவது ஆவியாகும் மணத்தால். மணம் போனதும் வேலையும் போய்விடும். எமது வெயிலுக்கும் மழைக்கும், புல்லில் புரளும் நாயின் உடம்பில், அது சில மணித்தியாலக் கதை. உண்ணியோ நாட்கணக்கில் காத்திருக்கும்.

இன்னொன்று, விரட்டுவது வேறு, கொல்வது வேறு. ஏற்கனவே வாயை ஊன்றிக் குடித்துக்கொண்டிருக்கும் உண்ணி மணத்துக்குக் கழன்று விழாது.

தேங்காயெண்ணெயைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 2018இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த சில கொழுப்பமிலங்கள் உண்ணியையும் கடிக்கும் ஈக்களையும் மூட்டைப்பூச்சியையும் நன்றாக விரட்டுகின்றன என்று கண்டார்கள். அந்தச் செய்திதான் 'தேங்காயெண்ணெய் பூசினால் போதும்' என்று உருமாறி எமது கைபேசிக்கு வந்தது. தேங்காயெண்ணெயே விரட்டியல்ல என்று அதே ஆய்வாளர்கள் சொன்னதை யாரும் போர்வேர்ட் பண்ணவில்லை.

இப்போது இந்த 'இயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். அலரி விதை இயற்கைதான். அதைத் தின்று எத்தனை பேர் இந்த நாட்டு வைத்தியசாலைகளில் கிடந்தார்கள் என்று நமக்குத் தெரியும். செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரித்திரம் இயற்கையான பூச்சிக்கொல்லி. அதைப் பார்த்து ஆய்வுகூடத்தில் செய்ததுதான் பெர்மெத்ரின். ஒன்று இயற்கை, மற்றது இரசாயனம் என்று கோடு போட்டால் அந்தக் கோடு எங்கே நிற்கும்? வேப்பெண்ணெயும் இரசாயனங்களின் கலவைதான்.

2021இல் இந்த நாட்டில் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தியபோது என்ன நடந்தது என்று வயல்காரரையும் தேயிலைக்காரரையும் கேளுங்கள். ஆண்டு முடியுமுன் அந்தத் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. சேதன விவசாயம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு சொல்லை மட்டும் நம்பி முடிவெடுத்தால் விளைச்சல் தராது.

பாதுகாப்பு விஷயத்திலும் அப்படித்தான். வாசனை எண்ணெய் கலந்த 'இயற்கை' தெள்ளு மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மிருக நச்சு நிலையமொன்றுக்குத் தகவல் வந்த 39 பூனைகளும் 9 நாய்களும். அந்த 48இல் 44க்குப் பாதிப்பு இருந்தது. நடுக்கம், வாயில் எச்சில் வடிதல், சோர்வு. பலர் லேபலில் சொன்னபடியே பாவித்திருந்தார்கள். இது நச்சு நிலையத்துக்கு வந்த தகவல்களின் கணக்கு. பாவித்த எல்லா மிருகத்துக்கும் இப்படி ஆகும் என்று எடுக்கக் கூடாது. ஆனால் 'இயற்கை என்பதால் பக்கவிளைவு இல்லை' என்ற பேச்சு பொய் என்பதற்கு இது போதும். முக்கியமாகப் பூனை. எமது வீடுகளில் நாயைவிடப் பூனைதான் அதிகம். அது உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். மேலே பூசியது எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். பூனையின் ஈரலுக்கு இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவு.

வெள்ளைப்பூடு கொடுத்தால் உண்ணி வராது என்பதும் ஒரு கைவைத்தியம். வெள்ளைப்பூடும் வெங்காயமும் அளவு கூடினால் நாய், பூனையின் செங்குழியங்களை உடைக்கும். உண்ணிக் காய்ச்சல் செய்யும் அதே வேலையை நாமே செய்து கொடுத்த மாதிரி. மண்ணெண்ணெய் பூசுவதும் பூச்சி உருண்டையைக் கரைத்து ஊற்றுவதும் இன்னும் மோசம். தயவுசெய்து வேண்டாம்.

அதற்காக மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மிருக வைத்தியர் தரும் மருந்துகள் குற்றமற்றவை அல்ல. இப்போது கொடுக்கப்படும் ஐசொக்சசோலின் வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டெம்பரில் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை என்றும் அதே எச்சரிக்கையில் சொன்னது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்தே போகலாம். விலையும் சாதாரணமல்ல, 2022க்குப் பிறகு இன்னும் மோசம். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இந்த மருந்துகளில் எவ்வளவு அளவு, எத்தனை நாள் வேலை செய்யும், யாருக்குக் கூடாது என்பது சோதித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆபத்தும் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் போத்தலில் மணம் மட்டும்தான் இருந்தது.

சரி, இரசாயனம் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது போத்தலில் வராது, கையால் செய்ய வேண்டிய வேலை.

தெள்ளின் கதையைப் பாருங்கள். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை நாயின் உடம்பிலிருந்து உதிர்ந்து பாயிலும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் விழுகிறது. கூட்டுப்புழு மாதக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். ஆள் நடமாட்டமும் சூடும் பட்டதும் விழிக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனதும் கால் முழுக்கக் கடிப்பது அதனால்தான். நாயுண்ணியும் அப்படியே. நிறையக் குடித்த ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆக, நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் கொட்டிலில்.

அதனால் கொட்டிலில் இருந்து தொடங்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கைக் கிழமைக்கு ஒரு தடவை கொதிநீரில் போட்டுக் கடும் வெயிலில் காயப்போடுங்கள். கொட்டிலின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். சுற்றியுள்ள புல்லை வெட்டுங்கள். நாயைக் குளிப்பாட்டிப் பல் நெருக்கமான சீப்பால் வாருங்கள். சீப்பில் வரும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு நாளும் காது, கழுத்து, விரலிடுக்கு பாருங்கள். உண்ணி இருந்தால் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். தொடத் தயங்குபவர்கள் இறப்பர் கையுறை போட்டுக்கொள்ளலாம். நஜீஸ் பட்டால் கழுவும் முறை சின்ன வயதிலேயே நாம் படித்ததுதான்.

ஆனால் உண்ணி அளவு மீறிவிட்டால் சீப்பு போதாது. அப்போது அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் வைத்தியசாலையும் நமது மாவட்டத்தில்தான் இருக்கின்றன. நாட்டின் மற்ற மூலைகளில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இது நாயின் பிரச்சினை மட்டுமல்ல என்பதைக் கடைசியாகச் சொல்கிறோம். உண்ணியும் தெள்ளும் பரப்பும் ரிக்கெட்சியா காய்ச்சல்கள் மத்திய மாகாணத்தில் இருப்பதைப் பேராதனை மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. ஆனால் முதல் சில நாட்கள் சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரியே இருக்கும். உண்ணி கடித்த விஷயத்தை டொக்டரிடம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? காதுக்குள் உண்ணி புகுந்து வைத்தியசாலைக்கு வருவதும் கண்டிப் பக்கம் புதிதல்ல. வகுப்பில் ஒரு பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் நாங்கள் இப்போது அதையும் நினைக்கிறோம். பிள்ளையின் காதுக்குள் நீங்களே குச்சி விட்டுத் தோண்டாதீர்கள். நேராக வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

எனவே நாம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை 'இரசாயனமற்றது' என்ற போத்தல் கைக்கு வந்தால் விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இதில் என்ன, எவ்வளவு இருக்கிறது? விரட்டுமா, கொல்லுமா? எத்தனை மணித்தியாலம்? வீட்டில் பூனை இருந்தால் பாவிக்கலாமா? பதில் இருந்தால் வாங்குங்கள். மணத்துக்காகக் கொட்டிலில் தெளிப்பதில் தவறில்லை. அதை மருந்து என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த சம்பவத்தை மதரசாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் எட்ட நின்று தெளித்துவிட்டுப் போகவில்லை, இறங்கினார். இரவெல்லாம் எமது தோட்டத்துக்காகக் குரைக்கும் ஜீவனுக்கு நாமும் கொஞ்சம் இறங்கிக் காதை விரித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். வேலை செய்தது என்றால் எப்படிச் செய்தது, எத்தனை நாள் நின்றது என்றும் சேர்த்து எழுதுங்கள். எங்களுடையது பிழை என்று காட்டினாலும் ஏற்றுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.