செல்போன் போட்டோவில் உடல் கொழுப்பை அளக்க முடியுமா? நம்பலாமா?

பொன்னேரியில் ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 170 செ.மீ., எடை 64 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ கணக்கில் அவருக்கு 22. அதாவது ‘நார்மல்’. ஆனால், பேன்ட் பட்டன் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கு. “போட்டோ எடுங்க, கொழுப்பு எவ்வளவுன்னு சொல்றேன்” என்கிறது ஒரு செல்போன் ஆப். நம்பலாமா?

எப்படி அளக்கிறது?

முன், பின், பக்கவாட்டுப் படங்களில் இருந்து உடலின் வெளிக்கோட்டை ஆப் பிரித்தெடுக்கும். டெக்ஸா ஸ்கேன் முடிவுகளோடு பழக்கப்படுத்திய மென்பொருள், அந்த வடிவத்துக்கு எவ்வளவு கொழுப்பு இருக்கலாம் எனக் கணிக்கும். ஆக, இது அளவு அல்ல, மதிப்பீடு. அமேசான் 2020-ல் ‘ஹாலோ’ மூலம் இதைக் கொண்டுவந்தது. 2023 ஜூலையோடு அந்தச் சேவையை மூடிவிட்டது.

நமக்கு ஏன் முக்கியம்?

2004-ல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. புனேவின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3 தான். ஆனால் கொழுப்பு, யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது இந்திய உடல்வாகு. குறிப்பாக, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடும். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்குச் சர்க்கரை நோய்.

எங்கே சறுக்கும்?

வெளிச்சம், தொளதொள சட்டை, நிற்கும் விதம் என எது மாறினாலும் எண் மாறலாம். கேமரா பார்ப்பது தோலின் மேல்பரப்பை மட்டுமே. குடலையும் கல்லீரலையும் சுற்றியுள்ள கொழுப்பை அது நேரில் பார்ப்பதில்லை. வேறு நாட்டு உடல்களை வைத்துப் பழக்கிய ஆப், நம்ம ஊர் உடலைத் தப்பாகக் கணிக்கவும் வாய்ப்புண்டு. இறுக்கமான உடையில் எடுத்த உங்கள் படம் எந்த சர்வருக்குப் போகிறது, எப்போது அழிக்கப்படும் என்பதையும் பார்க்காமல் ‘ஓகே’ அழுத்தாதீர்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளக்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே எச்சரிக்கை. அரசு மருத்துவமனையிலோ, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும்போதோ சர்க்கரையையும் பிபியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் கூடுதா, குறையுதா என்று பார்க்க ஆப் கொஞ்சம் உதவலாம். ஆனால், ஆப் ‘நார்மல்’ என்கிறதே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து.