680, 700 மட்டும் போதுமா?



"ஒளிச்சேர்க்கையில் 680, 700 என்ற இரண்டு எண்களும் அந்த இசட் வடிவப் படமும் போதும், மிச்சமெல்லாம் நீட்டுக்கு வராது" என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். உங்களில் சிலரும் பிள்ளைகளிடம் இதையே சொல்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தப் படத்தையே பாருங்கள். ஒளி அமைப்பு 2 தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து அனுப்புகிறது. ஒளி அமைப்பு 1 அதை வாங்கி மேலே தள்ளுகிறது. வரிசையில் நின்று குடத்தைக் கைமாற்றுவது போலத்தான். ஒருவர் வேகம், அடுத்தவர் மந்தம் என்றால் முதல் ஆளின் வேகம் வீண். இரண்டு அமைப்புகளும் ஒரே நிற ஒளியை ஒரே அளவில் பிடிப்பதில்லை. அப்படியானால் ஒன்றுக்கு வெளிச்சம் கூடி, மற்றதற்குக் குறைந்தால் செடி என்ன செய்யும்? படத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. என் கோபம் அதில்தான்.

இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. மாமரத்தடியில் முளைத்த கன்றை நினைத்துப் பாருங்கள். நீலத்தையும் சிவப்பையும் மேல் இலைகளே உறிஞ்சிவிடும். கீழே வருவதில் தொலைசிவப்பே அதிகம். அது ஒளி அமைப்பு 1-க்குத்தான் தீனி. காற்றில் கிளை விலகினால் அடுத்த நொடி நேர் வெயில்.

செடி சும்மா இருப்பதில்லை. ஒளி அமைப்பு 2 முந்திக்கொண்டால், நடுவில் எலக்ட்ரானைச் சுமக்கும் பிளாஸ்டோகுயினோனில் நெரிசல் ஏற்படுகிறது. அந்த நெரிசல்தான் சைகை. ஒரு நொதி வேலையைத் தொடங்கி, ஒளி சேகரிக்கும் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அவற்றில் ஒரு பகுதி 2-ஐ விட்டு 1-உடன் சேர்ந்துகொள்கிறது. நெரிசல் தீர்ந்ததும் வேறொரு நொதி பாஸ்பேட்டைக் கழற்ற, புரதம் பழைய இடத்துக்கே திரும்புகிறது. எல்லாம் சில நிமிடங்களில்!

1957-இல் எமர்சன், இரண்டு நிற ஒளியைச் சேர்த்துக் கொடுத்தால் விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையை மிஞ்சுகிறது என்று காட்டினார். 1969-இல் ஜப்பானின் முராட்டா ஒரு சிவப்புப் பாசியிலும், அமெரிக்காவில் பொனவெஞ்சுராவும் மையர்ஸும் குளோரெல்லாவிலும் இந்தப் பங்கீட்டைத் தனித்தனியே கண்டார்கள். இவர்கள் எண்ணை உருப்போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கணக்கு ஏன் இடிக்கிறது என்று கேட்டார்கள்.

"நேரம் இல்லை சார்" என்பீர்கள். இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். காரணம் புரிந்த பிள்ளைக்கு எண்ணும் மறக்காது, தேர்விலும் அது தோற்காது. வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்றே அந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் திட்டாதீர்கள், யோசிக்க விடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.