இறுக்கினால் மட்டும் போதுமா?

"பிரேக் கொஞ்சம் லூஸாக இருக்கிறது. டைட் வைத்தால் சரியாகிவிடும்!"

சொந்தமாகப் பழைய லாரி ஒன்று வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். தோல் ஷாப்புகளுக்குப் பச்சைத் தோலைக் கொண்டுவரவும், பதனிட்ட தோலை ஏற்றிப் போகவும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கிற பிரதேசம் அல்லவா?

"லாரி பிரேக்குக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டி ஓட்டுகிறவர் உங்கள் கணவராக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், சம்பளத்துக்கு வந்த டிரைவராகவும் இருக்கலாம். ஆனால் பட்டறைக்காரருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கணக்கு எழுதுவது பல வீடுகளில் நீங்கள்தானே? எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால், அந்தப் பணம் ஓர் உயிரையே காப்பாற்றக்கூடும்.

முதலில் இந்தப் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புப் பாத்திரத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டிரம். அதனுள்ளே பிறைச் சந்திரனைப் போல் வளைந்த இரண்டு ஷூக்கள் சுற்றாமல் நிற்கின்றன. டிரைவர் பெடலை மிதித்ததும் குழாயில் உள்ள பிரேக் ஆயில் வீல் சிலிண்டரைத் தள்ளுகிறது, அது ஷூக்களை விரிக்கிறது, ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மின் உட்புறத்தில் உராய்கிறது, வண்டி நிற்கிறது. பாரம் ஏற்றிய லாரியில் எடையின் பெரும் பகுதி பின்சக்கரங்களின்மேல்தான் உட்காருகிறது. ஆகையால் பின் பிரேக்குக்கு உழைப்பு அதிகம்.

தோல் ஊர்க்காரர்களுக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் தோலே பிரேக்காக உழைத்திருக்கிறது! இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பகுதியில், குதிரை வண்டிக்காரர்கள் மரக் கட்டைப் பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலைச் சேர்த்து ஓட்டுவதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். அதைவிட நன்றாகப் பிடிக்கும் பொருளைத் தேடி, 1897-இல் பிரேக் லைனிங் தொழிலைத் தொடங்கினார். பிறகு தம் பெயரின் எழுத்துக்களை மாற்றி அடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, 'ஃபெரோடோ' என்று அதற்குப் பெயர் சூட்டினார். மனைவியின் பெயருக்குப் பிரேக்கில் இடம் கொடுத்த கணவர்!

சரி, நம் ஊருக்கு வருவோம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க ஏராளமாக உப்புப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். வழியெல்லாம் அந்த உப்பு நீர் சொட்டுகிறது. மேல்தட்டுப் பலகையின் இடுக்கு வழியாக அது இறங்கும் இடம் எது? பின்சக்கரங்களின் உட்புறந்தான்! உப்பு நீர் பட்டால் இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஸ்பிரிங், ஆயில் குழாய், அட்ஜஸ்டர் எல்லாவற்றையும் அது அரிக்கிறது.

இங்கேதான் அபாயம் ஆரம்பமாகிறது. ஒரு பக்கத்து அட்ஜஸ்டர் துருவேறி அசைய மறுக்கிறது. அவசரத்தில் மறு பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். பெடல் என்னவோ கெட்டியாகத்தான் தெரியும். ஆனால் இரு பின்சக்கரங்களில் ஒன்றுதான் பிடிக்கிறது! மழை நாளில், பாரம் இறக்கிய வெறும் வண்டியாகத் திரும்பும்போது பலமாக மிதித்தால், அந்த ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தையே வாரிவிடும்.

ஆகவே, இறுக்குவதற்கு முன்னால் காரணம் தெரியவேண்டும். டிரைவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பெடல் ஆழமாகப் போய், இரண்டாம் முறை மிதித்தால் மேலே வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. டைட் வைக்க வேண்டியதுதான்.

பஞ்சுபோல் அமுங்குகிறதா? குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. காற்றை வெளியேற்ற வேண்டும், இறுக்கிப் பயனில்லை.

காலை அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெள்ள மெள்ளக் கீழே இறங்குகிறதா? எங்கேயோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

ஓடி வந்து நின்றதும், பின்சக்கரத் துளைகளின் அருகே புறங்கையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், தொடவேண்டாம், சுட்டுவிடும்! ஒரு பக்கம் அனலாகவும் மறு பக்கம் சில்லென்றும் இருந்தால், ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது மற்றொன்று வேலையே செய்யவில்லை.

டயரின் உட்புறம் ஈரக் கோடு தெரிகிறதா? நீர்த்திருந்தால் பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் கசிகிறது. கெட்டியாக, நெடி அடித்தால் ஆக்ஸில் ஆயில், சீல் போய்விட்டது. இரண்டில் எதுவானாலும், எண்ணெயில் ஊறின லைனிங் பிடிக்காது. கசிவை நிறுத்தி, இரு பக்கமும் புது லைனிங் போடவேண்டும்.

டைட் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி பிடிக்கும் வரை அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். பிறகு பெடலை ஒரு தடவை பலமாக மிதித்தால் ஷூக்கள் நடுவில் வந்து அமரும். அதற்குப் பின், சக்கரம் லேசாக உரசி, ஆனால் தாராளமாகச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். எத்தனை பல் தளர்த்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். மறு பக்கத்துக்கும் இதே முறை. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொடவேண்டும். காற்றழுத்தப் பிரேக் உள்ள லாரிகளில் அமைப்பு வேறு. ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரி செய்வார்கள். ஆனாலும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற விதி மாறாது.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் வழக்கம். தடுத்து நிறுத்துங்கள்! பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் துணிகளைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்குக்கூட நுரையீரலைச் சூழ்ந்த உறையில் புற்றுநோய் வந்ததை, 1965-இல் லண்டனில் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. ஈரத் துணியால் துடைப்பதே சரி. வேலை செய்த உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே நனைத்துத் துவையுங்கள்.

எவ்வளவு நல்ல பிரேக்கானாலும் மலையில் அதைப் படுத்தக்கூடாது. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டை போகும் மலைப்பாதையானாலும், ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளானாலும், இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தால் டிரம் கொதித்துப் பிடிப்புப் போய்விடும். ஏற எந்த கியரோ, இறங்கவும் அதே கியர் என்பது பழைய லாரிக்காரர்களின் விதி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது எமனுக்குக் கடுதாசி போடுவது மாதிரி!

கடைசியாக ஒரு யோசனை. கணக்கு நோட்டில் லாரிக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். லைனிங் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், எந்தப் பக்கம் என்ன பழுது என்று எழுதிவையுங்கள். உப்புத் தோல் இறக்கிய அன்று பின்சக்கரத்தை நல்ல தண்ணீரால் கழுவினார்களா என்று கேளுங்கள். கழுவியபின் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்து ஈரத்தை உலர்த்தச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை, "டைட் வைத்தாகிவிட்டது, அம்மா" என்று பட்டறைக்காரர் கை நீட்டும்போது, "இரண்டு பக்கமும் பார்த்தீர்களா? கசிவு இருந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். கேள்விக்குப் பதில் வந்த பிறகு புறப்படுகிற லாரி, பத்திரமாக வீடு திரும்பும்.