சட்டி கழுவவா படிக்க வைத்தேன்?

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம், என் தங்கை வீட்டில் பசியாறக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. மகன் தேறிவிட்டான். ஆனால், சமையல் கலையில் எஸ்.கே.எம். சான்றிதழ் படிக்கப் போகிறேன் என்றான்.

"சட்டி கழுவவா உன்னைப் படிக்க வைச்சேன்?" என்று கத்தினார் மாப்பிள்ளை.

டுரியான் துங்காலில் யுடெம் பல்கலைக்கழகம் எங்கள் கண்ணெதிரே நிற்கிறது. இன்ஜினியர் என்றால்தான் எங்களுக்குப் படிப்பு. உண்மையைச் சொன்னால், நானும் அவனை அந்தப் பக்கம்தான் தள்ளினேன்.

பையன் கைப்பேசியை நீட்டினான். மேடையில் வேட்டி கட்டி விருது வாங்கும் ஒருவர். "யாரு தெரியுதா மாமா?"

விஜய் குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். அவருக்கும் இன்ஜினியர் ஆசைதான். கட்டணம் கட்ட வீட்டில் வசதியில்லை. திருச்சியில் கேட்டரிங் படித்தார். சென்னை தாஜ் கன்னிமாராவில் வேலை, பிறகு சொகுசுக் கப்பல், பிறகு அமெரிக்கா. 2021இல் நியூயார்க்கில் 'செம்மா' உணவகம். அடுத்த ஆண்டே மிஷலின் நட்சத்திரம். 2025 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய நத்தைக் கதை. சிறுவயதில் வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டதைப் பள்ளிக் கூட்டாளிகளிடம் சொல்ல வெட்கப்பட்டாராம். பிரெஞ்சுக்காரர்கள் நத்தையைப் பெரிய விருந்தாகச் சாப்பிடுவது பிறகுதான் தெரிந்ததாம். இன்று செம்மாவில் பேர் வாங்கிய பதார்த்தம் நத்தைப் பிரட்டல்.

நடுவில் இருபதாண்டுக்கு மேல் உழைப்பு. அதை நான் மருமகனிடம் மறைக்கவில்லை. புதிதாகச் சேருபவன் வெங்காயம் உரித்தே மாதக்கணக்கில் கழிப்பான். ஊரே தீபாவளி கொண்டாடும்போது அடுப்படியில் நிற்பான். சட்டி கழுவுவதும் உண்டு. மாப்பிள்ளை சொன்னதில் அது மட்டும் பொய்யில்லை.

"தெரியும் மாமா."

அதுவரை வாய் திறக்காத தங்கை மெல்லச் சொன்னாள்: "நம்ம அம்மாகூட தோட்டத்து அல்லூர்ல சிப்புட் பொறுக்கி ஆக்குவாங்களே அண்ணே. பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்திடக் கூடாதுன்னு கதவைச் சாத்திக்குவோம்."

"பாட்டி எப்படி ஆக்குவாங்க?" என்று பையன் உடனே கேட்டான். மிளகு இடித்துப் போட்டது எனக்கு ஞாபகம். இல்லை, மிளகாய்தான் என்றாள் தங்கை. மற்றது இருவருக்கும் மறந்துவிட்டது.

விண்ணப்ப பாரம் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. கையெழுத்துப் போட மாப்பிள்ளைக்குப் பேனா கிடைக்கவில்லையாம்.