சீலோவாமும் ஊவா மலையும்

பதுளைப் புனித மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரோஜர்ஸின் நினைவாக 1857இல் எழுந்தது. யானைகளைக் கொன்ற பாவமே இடியாய் இறங்கிற்று என்றனர் ஊரார். யானைக்கு இரங்கும் நெஞ்சு நன்றே, அத்தீர்ப்பு நன்றன்று. அதே கோலால், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களோடு மண்ணிற் புதைந்த தொழிலாளர் குடும்பங்களை எங்ஙனம் அளப்பது? அபாயம் முன்னரே அறிவிக்கப்பட்டும் அவர்களுக்கு வேறிடத்தில் வீடில்லை. அது யாருடைய பாவம்?

சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரும் பிறரினும் பெரும் பாவிகளல்லர் என்றார் ஆண்டவர் (லூக்கா 13). மனந்திரும்ப அழைத்ததோ கேட்டு நின்றோரை. இரட்சிப்பை அவர் இடருக்குக் காப்புறுதியாக விற்றாரல்லர். ஆதலின், ‘எங்கள் சபையிற் சேர்ந்தால் மலை உங்கள்மேல் சரியாது’ என லயன் வாசலில் ஒருவர் உரைப்பாராயின், மீரியபெத்தையில் மாண்டோர் எவரும் தொழாதவரோ என்று அவரைக் கேளுங்கள்.