ஏட்டில் வளரும் காடு

கிரேட் நிக்கோபார் தீவில் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டைத் துறைமுகத்திற்கும் விமான நிலையத்திற்கும் நகரியத்திற்கும் விட்டுக்கொடுக்க ஒன்றிய அரசு 2022இல் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. வெட்டுண்ணும் மரங்கள் 8.5 லட்சம் என்றனர். பின்னர் அது 9.64 லட்சமாயிற்று. ஈடாக மரம் நடப்படும் இடம் எது தெரியுமா? ஹரியானா! கடல் சூழ்ந்த தீவின் பசுமைமாறாக் காட்டிற்கு வடபுலத்து வறண்ட நிலம் ஈடாம். கணக்கேட்டில் இரண்டும் நேராகிவிடுகின்றன.

இக்கணக்கின் பிறப்பிடம் ஒரு வரையறை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 விழுக்காடு இருப்பின் அது வனப்பரப்பு என்கிறது இந்திய வன ஆய்வு நிறுவனம். நிலம் யாருடையது, மரம் எது என்ற வினாவிற்கு அங்கு இடமில்லை. மாந்தோப்பும் வனம், ரப்பர்த் தோட்டமும் வனம். இவ்வறிக்கைகளைத் தமிழாக்கும்போதெல்லாம், ஒரே சொல்லை ஓரிடத்தில் 'காடு' என்றும் வேறிடத்தில் 'தோப்பு' என்றும் பெயர்க்க என் கை துடிக்கும். கொங்கு உழவர் புன்செய்யையும் காடு என்பர். அது வட்டார வழக்கு, வஞ்சகமன்று.

இளம் தைலமரம் கரியமில வாயுவை விரைந்து உறிஞ்சும். இதை நாம் மறுக்கத் தேவையில்லை. உறிஞ்சிய கரிமம் எவ்வளவு காலம் தங்கும் என்பதே கேள்வி. சில ஆண்டுகளில் வெட்டப்பட்டுக் காகிதக்கூழாகும் மரத்தின் கரிமம் விரைவிலேயே வளிமண்டலத்திற்குத் திரும்பிவிடும். முதிர்ந்த காட்டிலோ எண்ணிக்கையில் சிறுபான்மையான பெருமரங்களே கரிமத்தின் பெரும்பங்கைத் தாங்கி நிற்கின்றன. மண்ணிலும் வேரிலும் உள்ளது தனி. பல இனங்கள் கலந்து நிற்கையில், வறட்சியில் ஓரினம் தளர்ந்தால் மற்றோர் இனம் தாக்குப்பிடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இயற்கைக் காடுகளைத் தேக்கு, தைலமரத் தோட்டங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வறட்சி ஆண்டுகளில் தோட்டங்களின் கரிம உறிஞ்சலே கூடுதலாகத் தடுமாறுவதைக் கண்டனர். 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான கரிமத்தைக் காடுகளிலும் மரங்களிலும் சேமிப்போம் என்று உலகிற்கு வாக்களித்த அரசு, தடுமாறாத பெட்டகத்தை உடைத்துவிட்டுத் தடுமாறும் பெட்டகத்தை நாடுகிறது.

ஏன்? தோட்டத்திற்கு ஒப்பந்தக்காரர் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் திரட்டித் தந்த ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி உண்டு. காட்டிற்கோ உரிமை கேட்கும் மக்கள் உண்டு. அம்மக்களை விலக்கவே, ஒன்றிய அரசின் இறுதி ஒப்புதலுக்கு முன் கிராமசபையின் இசைவு பெறவேண்டும் என்ற கட்டாயத்தை 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள் கைவிட்டன. மக்கள் கையில் காடு அழியும் என்போர் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேக்காவிற்குச் சென்று பார்க்கட்டும். ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது 2009இல் சமூக உரிமை பெற்ற அக்கோண்டு கிராமத்தில், எந்த மூங்கிலை எப்போது வெட்டுவது என்பதைக் கிராமசபை தீர்மானிக்கிறது. காடு நிற்கிறது, கூலியும் கிடைக்கிறது. நிக்கோபாரிலும் பழங்குடி மன்றம், தான் தந்த இசைவை 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. அரசு அதைக் கேளாததுபோல் நடந்துகொள்கிறது.

தோழர்களே, ஜூன் 5 அன்று நம் கிளைகளும் மரக்கன்று நடுகின்றன. நடுவோம். அன்றே, நம் மாவட்டத்தில் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி யாருடைய நிலத்தில், எந்த மரத்திற்குச் செலவாகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவும் அனுப்புவோம்.